ஏழு புள்ளி நாலில் இருந்த தண்ணீர்

நேற்றுக் காலை முட்டுக்காட்டு வீட்டின் பம்ப் அறைக் கதவைத் திறந்தேன். ஆசிட் நெடி குப்பென்று முகத்தில் அடித்தது. கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. ஆசிட்டால்தான். உன்னை நினைத்து அழுதேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். "சும்மா கத வுடாத அண்ணாத்த" என்பாய்.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. கேளம்பாக்கம் கூட்டுரோட்டில் பைக்கை ஓரம் கட்டி, ஸ்டாண்டு போட்டு, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அதற்கப்புறம்தான் நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்தாயாம். டீக்கடைக்காரர் சொன்னார். சாகப்போகிற நேரத்திலும் ஸ்டாண்டு போட்ட மனுஷனை "அலட்சியக்காரன்" என்று ஒரு காகிதம் சொல்கிறது. அந்தக் காகிதத்தைப் பற்றித்தான் உனக்கு எழுதுகிறேன். உயிரோடு இருக்கிறவர்களிடம் சொல்ல வேண்டிய விஷயம்தான். இரண்டு வருஷமாக அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை என்பது வேறு கதை. இல்லை, அதுதான் கதை.

நீ போன பிறகு நீச்சல் குளத்தை ஒரு கம்பெனியிடம் ஒப்படைத்தோம். மாதம் ஒரு முறை வருகிறார்கள், வலை போட்டு இலையை அள்ளுகிறார்கள், செல்ஃபோனில் படம் பிடித்து அனுப்புகிறார்கள். படத்தில் தண்ணீர் நீலமாகத்தான் இருந்தது. நேரில் போய்ப் பார்த்தால் வெந்தயக்கீரை கடைந்து வைத்த மாதிரி நின்றது. க்ளோரின் தயாரிக்கும் அந்தப் பெட்டி செத்துப்போய்விட்டதாம். ஆராய்வதற்காகக் கழுத்தில் அடையாள அட்டை தொங்க அந்தக் கம்பெனியின் இன்ஜினியர் ஒருவர் வந்திருந்தார்.

"சார், பெட்டிக்குள்ள இருக்கிற செல்லைக் கழட்டிப் பாத்தோம். ப்ளேட் பூரா சுண்ணாம்பு. அந்தப் பக்கம் ஓரக் கல்லுல வேற ஆசிட்டைக் கொட்டி அரிச்சு வச்சிருக்காங்க. இதுக்கு முன்னாடி யாரு சார் பாத்துக்கிட்டது?"

உன் பெயரைச் சொன்னேன்.

"டிப்ளமோவா?"

"இல்ல. திருப்போரூர் பக்கம்."

"அதான்" என்றார்.

திருப்போரூருக்கும் டிப்ளமோவுக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் யோசித்தேன். பதில் சொன்ன மடையன் நான்தானே. ஆனால் அந்த "அதான்" இருக்கிறதே, அது காதில் விழுந்ததிலிருந்து எனக்கு உள்ளே கொதிக்கிறது. பத்து நிமிஷத்தில் மடிக்கணினியில் தட்டி, காரிலேயே வைத்திருக்கும் மெஷினில் அச்செடுத்து நீட்டினார். செல் பழுதானதற்கும் கல் அரித்ததற்கும் காரணம்: முன்பு பராமரித்தவரின் அலட்சியம். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் உன் பெயர். அடியில் வீட்டுக்காரர் சார்பில் கையெழுத்துப் போட ஒரு கோடு.

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு வர்றேன். போட்டு வைங்க சார்."

வீட்டுக்காரர் சார்பில் என்றால் நான். உனக்குத் தெரியாததா? என் மனைவியின் தம்பி அமெரிக்காவில் சம்பாதித்து இங்கே கடலோரம் கட்டிய வீடு அது. வருஷத்தில் இரண்டு வாரம், பொங்கலை ஒட்டி வருவான். மீதி ஐம்பது வாரமும் அந்தக் குளத்தில் நீந்துகிறவை வேப்பிலையும் தவளையும். நான் கல்பாக்கத்தில் ஃபைல் தள்ளுகிறவன், கேளம்பாக்கத்தில் இரண்டு படுக்கையறை ஃபிளாட், ஒழிந்த நேரத்தில் வாரப் பத்திரிகைக்கு நகைச்சுவை எழுதுகிறவன். பக்கத்தில் இருக்கிறேன் என்பதால் சாவி என்னிடம். மாப்பிள்ளை மரியாதையோடு கிடைத்த காவல்காரன் உத்தியோகம்.

அறிக்கை அதற்குள் ஈமெயிலில் அமெரிக்கா போய், அங்கிருந்து எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் வந்து விழுந்தது. "பாத்தீங்களா, அவன் சரியில்லன்னு நான் அப்பவே சொன்னேன்" என்று மச்சினன். சித்தப்பாக்களும் பெரியம்மாக்களும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். உன்னை ஒரு தடவைகூடப் பார்த்திராத கோயம்புத்தூர் ஒன்றுவிட்ட அத்தை, "இந்த மாதிரி ஆளுங்கள நம்பவே கூடாது" என்று எழுதி, கீழே கைகூப்பும் படம் ஒன்று வேறு. நம்பக்கூடாதவர்களுக்கு எதற்கம்மா கும்பிடு?

கையெழுத்துப் போட்டேனா என்றுதானே கேட்கிறாய். பொறு. அதற்கு முன்னால் நீ முதல் முதலாக வந்த நாளைச் சொல்லியாக வேண்டும்.

கிரகப்பிரவேசம் முடிந்த மறுவாரம். மச்சினன் வந்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தான். "நம்மளது சால்ட் வாட்டர் பூல். க்ளோரினே கிடையாது. இயற்கை." நீ அப்போதுதான் பம்ப் அறைக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தாய். அவன் அந்தப் பக்கம் நகர்ந்ததும் என்னிடம் கேட்டாய்.

"இன்னா சார், க்ளோரினே இல்லியாமே? அப்ப அந்தப் பொட்டி இன்னாத்துக்குக் கீது? சாமி கும்புடவா?"

அப்புறம் எனக்குப் பாடம் எடுத்தாய். உப்புக் கரைந்த தண்ணீர் அந்தப் பெட்டியில் இருக்கும் தகடுகளுக்கு நடுவே ஓடும்போது மின்சாரம் அதை உடைக்கிறது. அங்கேயே, அந்த நிமிஷமே க்ளோரின் பிறக்கிறது. கடையில் வாங்கிக் கொட்டுகிற வேலை மட்டும்தான் இல்லை. "க்ளோரின் பொறந்துகினே கீறதால தண்ணிக்குத் திமிரு ஏறும் சார். பி.எச்சு ஏழு புள்ளி நாலுல நில்லுன்னா நிக்காது. எட்டாண்ட போய் நிக்கும். அப்பப்ப ஆசிட்டு வுட்டு தலைல ஒரு தட்டு தட்டணும். ஜாஸ்தி தட்னா கீழ பூடும், அப்ப நம்ம கண்ணு எரியும், கல்லு அரிக்கும். தட்டவும் கூடாது, தட்டாம வுடவும் கூடாது."

அலுவலகத்தில் இருபது வருஷம் விஞ்ஞானிகளோடு குப்பை கொட்டியவன் நான். இவ்வளவு தெளிவாக எனக்கு எவரும் எதையும் விளக்கியதில்லை. உனக்கும் எனக்கும் ஒரே வயது. முதல் நாளே உன்னை "நீ" என்று கூப்பிட்டேன். நீ என்னை "சார்" என்றாய். இரண்டு மாதம் கழித்து "அண்ணாத்த" என்றாய். ஏதோ நான் உனக்குப் பெரிய மனது பண்ணிவிட்டதாக அன்று வீட்டில் பெருமையடித்துக்கொண்டேன். உன்னை "நீங்க" என்று கூப்பிடலாம் என்பது மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் இந்தக் கடிதத்தையாவது ஒழுங்காக எழுதியிருப்பேன்.

என் முட்டாள்தனங்களுக்கும் நீதான் சாட்சி. குளத்துக்கு ஐந்து மூட்டை உப்பு வேண்டும், சுத்தமான உப்பு, இந்தக் கடையில் வாங்கு என்று சீட்டில் எழுதிக் கொடுத்தாய். நான் யார், அறிவாளி. கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகிற வழியில் உப்பளம் கண்ணெதிரே வெள்ளை வெளேரென்று குவிந்து கிடக்கிறது, எதற்குக் கடை என்று அங்கேயே பேசி மினி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, நீ வருவதற்குள் கொட்டியும் விட்டேன். மறுநாள் குளம் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருந்தது. அடியில் சேறு. ஒரு சின்ன நண்டு வேறு செத்துக் கிடந்தது. நீ கரையில் நின்று ரொம்ப நேரம் பார்த்தாய்.

"அண்ணாத்த, மீனு எப்ப வுடப்போற?"

பதினோரு நாள் உழைத்தாய் அந்தத் தண்ணீரைத் தெளிய வைக்க. மச்சினனிடம் "உப்பு மூட்ட ஏமாத்திட்டான் சார்" என்று நீயே சொல்லி என்னைக் காப்பாற்றினாய். நான் கேட்காமலே காப்பாற்றினாய். எனக்கு அது வசதியாக இருந்தது. வசதியானதை நான் மறுப்பதில்லை.

அந்த வருஷப் பொங்கலுக்கு உறவுக்காரர்கள் படையெடுத்து வந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? பதினாலு சித்தப்பாக்கள், அவர்கள் பெற்ற வானரங்கள். காலையில் இறங்கியவர்கள் சாப்பாட்டுக்குத்தான் ஏறினார்கள். நடுவில் ஒருவராவது பாத்ரூம் பக்கம் போனதாக எனக்கு நினைவில்லை. மறுநாள் குளத்தடியில் மூக்கைப் பொத்திக்கொள்கிற நெடி. மச்சினன் உன்னைப் பிடித்துக் கத்தினான், க்ளோரின் அதிகமாகிவிட்டது என்று. நீ சோதனைக் குழாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பணிவாக, "இல்ல சார், கம்மியாய்டுச்சு" என்றாய். அவன் உள்ளே போனதும் என் காதில் சொன்னாய்.

"க்ளோரினு தனியா கீறப்ப வாசன வராது அண்ணாத்த. மூத்தரத்தோட கலந்தாத்தான் இந்த நாத்தம். உங்க சித்தப்பாங்க நல்லா தண்ணி குடிக்கிறாங்க. ஒடம்புக்கு நல்லதுதான்."

நான் சிரித்துச் சிரித்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு அதைப் பத்திரிகையில் எழுதினேன், ஆளை மாற்றி, ஊரை மாற்றி. உன் நகைச்சுவைக்கு எனக்குப் பாராட்டுக் கடிதங்கள் வந்தன. இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், பதினாலு சித்தப்பாக்கள் கலந்துவிட்ட அந்தத் தண்ணீரை யாரும் மாற்றச் சொல்லவில்லை. அதை மட்டும் மனதில் வைத்துக்கொள். நீ அன்று பெட்டியை முழு வேகத்தில் ஓடவிட்டு, வெளியிலிருந்தும் கொஞ்சம் க்ளோரின் போட்டாய். இரண்டு நாளில் சுத்தம். பெரியவர்கள் மறுபடி இறங்கினார்கள். பரம திருப்தி.

ஒரு சித்திரை மத்தியானம். கத்திரி வெயில். வீட்டில் யாரும் இல்லை. உன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "ஏம்ப்பா, ஒரு முங்கு போட்டுட்டுப் போயேன்" என்றேன். நீ ஏரியில் நீச்சலடித்து வளர்ந்தவன் என்று எனக்குத் தெரியும். நீ சிரித்தாய். மாடி மூலையைக் கண்ணால் காட்டினாய்.

"மேல கேமரா கீதே அண்ணாத்த. உங்க மச்சான் அங்கேர்ந்து பாத்துகினே இருப்பாரு. பேஜாரு."

"பாத்தா என்ன இப்ப?" என்று கேட்டேன். நீ வாளியைத் தூக்கிக்கொண்டு பம்ப் அறைப் பக்கம் நடந்தாய். கேட்ட எனக்கும் பதில் தெரியும். தெரியாத மாதிரி கேட்பதுதான் என் பிழைப்பே.

இப்போது அந்த மார்கழிக் காலைக்கு வருகிறேன். இரண்டு வருஷம் ஆகப்போகிறது. மச்சினன் பொங்கலுக்கு வருகிறான் என்று நீ தண்ணீரை மெருகேற்றிக்கொண்டிருந்தாய். இழைத்து இழைத்து ஏழு புள்ளி நாலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாய். இன்னொரு சங்கதியும் செய்திருந்தாய், உன்னைத் தவிர யாரும் கவனிக்காத சங்கதி. லாரித் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம் என்று, மழைக்காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய தண்ணீரை வடித்துவிட்டு, மழைத் தண்ணீரை ஏற்றி, இரண்டு மழைக்காலத்தில் அந்தக் குளத்தையே மென்மையாக்கியிருந்தாய். தகட்டில் ஒரு பொட்டு வெள்ளை படியவில்லை.

வெள்ளை படியாவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு தடவை தகட்டைக் கழுவிவிட வேண்டும் என்று, பம்ப் அறை வாசலில் வாளியில் ஆசிட்டை எடுத்து வைத்துவிட்டுக் குந்தியிருந்தாய். "இதுல தண்ணி சேக்கணுமா?" என்றேன். "இரு, வேற வாளில தண்ணி புட்ச்சி, அதுலதான் இத வுடணும்" என்று நீ எழுந்திருப்பதற்குள், உதவி செய்கிறேன் பேர்வழி என்று ஒரு சொம்புத் தண்ணீரை நின்ற இடத்திலிருந்தே அந்த ஆசிட் வாளிக்குள் சொளேரென்று ஊற்றினேன். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக்கூடாது என்று நூறு தடவை சொல்லியிருக்கிறாய். நூறு தடவையும் தலையாட்டியிருக்கிறேன். அது சீறிக்கொண்டு எழும்பி உன் இடது கன்னத்திலும் கண்ணிலும் அடித்தது. நான் பயந்து பின்வாங்கியதில் என் கால் பட்டு வாளி கவிழ்ந்தது. கடப்பாக் கல் நுரை நுரையாகப் பொங்கியது. நீ கத்தவில்லை. நாலு எட்டில் ஓடி, சட்டையோடு குளத்தில் குதித்தாய்.

அதுதான் சரி. ஆசிட் பட்டால் உடனே நிறையத் தண்ணீர். அங்கே அதைவிட நிறையத் தண்ணீர் வேறெங்கே இருந்தது? உள்ளே மூழ்கிக் கண்ணைத் திறந்து திறந்து மூடினாய். மூச்சுக்கு மேலே வந்தாய், மறுபடி மூழ்கினாய். கால் மணி நேரம். நான் கரையில் நின்று "ஐயோ, ஐயோ" என்றேன். அந்த வீட்டு அலமாரியில் ஒரு டஜன் பூத்துவாலை மடித்து வைத்திருக்கிறது. நீ ஏறி வந்தபோது நான் உனக்குத் துவட்டத் தந்தது என் கைக்குட்டை.

நீ முகத்தைத் துடைத்துக்கொண்டு முதலில் என்ன செய்தாய்? சோதனைக் குழாயில் தண்ணீரைப் பிடித்தாய். நாலு சொட்டுச் சிவப்பு மருந்து விட்டாய். ஆட்டினாய். வெளிச்சத்தில் பிடித்தாய்.

"ஏழு புள்ளி நாலு. தண்ணிக்கு ஒண்ணும் ஆவல அண்ணாத்த."

அதற்குள் என் ஃபோன் அடித்தது. அமெரிக்கா. கேமராவில் பார்த்திருக்கிறான். அதில் குளம் தெரியும், பம்ப் அறை வாசல் தெரியாது. வாளியையோ சொம்பையோ அவன் பார்க்கவில்லை. நீ குதித்ததை மட்டும் பார்த்திருக்கிறான்.

"மாமா, அவன் ஏன் உள்ள இறங்கினான்?"

"மூஞ்சில ஆசிட் தெறிச்சிடுச்சுப்பா."

"சரி. தண்ணிய மொத்தமா மாத்திடுங்க. நாங்க வர்றதுக்குள்ள ஃபில் பண்ணிடுங்க."

"அந்தத் துளி ஆசிட் ஒண்ணும் பண்ணாதுப்பா. வாராவாரம் ஊத்துறதுதானே. இப்பதான் டெஸ்ட் பண்ணி..."

"மாமா, உங்களுக்கு நிஜமாவே புரியலையா, இல்ல புரியாத மாதிரி பேசுறீங்களா?"

எனக்குப் புரிந்தது. அந்த நொடியில் முழுசாகப் புரிந்தது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? "டேய், ஊத்தினது நான்டா, அவன் கண்ணைக் காப்பாத்திக்கக் குதிச்சான், வெட்கமா இல்லையா உனக்கு" என்று கேட்டிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். "சரிப்பா, கங்கையைக் காசிக்கே திருப்பி அனுப்பிடறேன்" என்று ஒரு ஜோக் அடித்தேன். அவனும் சிரித்தான். ஃபோனை வைத்தேன்.

மறுநாள் காலையில் உன்னையே அழைத்து, தண்ணீரை வடித்துவிடு என்றேன். அந்த வால்வைத் திருப்ப உன்னைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்?

"இன்னாத்துக்கு?" என்றாய்.

"மோட்டாருக்கு நல்லதாம்" என்றேன்.

என்னைப் பார்த்தாய். மேலே கேமராவைப் பார்த்தாய். உனக்கு நான் விளக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஏரியில் எந்தப் படித்துறையில் யார் இறங்கலாம் என்று சின்ன வயதிலேயே கற்றுக்கொடுக்கப்பட்டவன் நீ. பம்ப் அறைக்குள் போய் வால்வைத் திருப்பினாய். குழாய் முனையை வீட்டுக் கிணற்றுப் பக்கம் போகாமல், உப்புத் தண்ணீராச்சே என்று, மணல் மேட்டுப் பக்கமாகத் திருப்பி வைத்தாய். அதையும் யோசித்தாய்! உன்னை அவமானப்படுத்துகிறவன் கிணறு கெடக்கூடாது என்று யோசித்தாய்! தண்ணீர் இறங்க இறங்கப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னாய்.

"ரெண்டு மழ புட்ச்சி வச்ச தண்ணி அண்ணாத்த."

அவ்வளவுதான். கத்தியிருக்கலாம். வாளியை உதைத்துவிட்டுப் போயிருக்கலாம். பைக்கை எடுத்துக்கொண்டு போனாய், அடுத்த செவ்வாய்க்கிழமை வழக்கம்போல வந்தாய். ஏழு லாரித் தண்ணீர், கல்லு மாதிரி தண்ணீர், அதை வைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாய். "இது தகட்டுல படியும், வுடாம கழுவிகினே இருக்கணும்" என்றாய். கழுவினாய். மாதம் இரண்டு தடவை, நீ சாகும் வாரம் வரைக்கும். நீ போன பிறகு ஏழு மாதமாக எவனும் கழுவவில்லை. தகடு சுண்ணாம்பு பூத்தது அதனால். கல் அரித்தது என்னால். காகிதத்தில் இருப்பது உன் பெயர்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு இன்ஜினியர் சரியாக வந்தார். நான் பேனாவை எடுத்தேன். அலட்சியம் என்ற வரியின் மேல் ஒரு கோடு இழுத்தேன். அவர் பதறிவிட்டார்.

"சார், சார், அது கம்பெனி ஃபார்மேட்!"

"இருக்கட்டும் தம்பி. கையெழுத்து என்னோடதுதானே."

கோட்டுக்குக் கீழே இருந்த இடத்தில் எழுதினேன். கல்லில் ஆசிட்டைக் கவிழ்த்தது நான். அவர் முகத்தில் தெறிக்க வைத்ததும் நான். அவர் அதைக் கழுவக் குளத்தில் இறங்கினார் என்ற ஒரே காரணத்துக்காக, நன்றாக இருந்த தண்ணீரை வடித்துவிட்டு, கெட்ட தண்ணீரை நிரப்பினோம். சுண்ணாம்பு அதிலிருந்து வந்தது. அவர் இருந்தவரை அதைப் படியவிடவில்லை. கீழே முழுப் பெயர், அப்பா பெயரின் முதலெழுத்தோடு. முப்பது வருஷமாக எழுதுகிறேன், ஜோக் இல்லாமல் நான் எழுதிய முதல் பக்கம் அதுதான். "அவர்" என்று உன்னை எழுதியதும் அதுதான் முதல் தடவை.

இன்ஜினியர் இரண்டு தடவை படித்தார். "இத நான் ஆஃபீஸ்ல எப்படி சார் குடுப்பேன்?" என்றார். "அதான்" என்றேன். படம் பிடித்துக் குடும்பக் குழுவிலும் போட்டேன்.

கட்டைவிரல்கள் எதுவும் எழவில்லை. ஐந்து நிமிஷத்தில் மச்சினன் கூப்பிட்டான்.

"மாமா, எதுக்கு இதெல்லாம்? எல்லாரும் பாக்குற குரூப்புல? என்னை என்னன்னு நினைப்பாங்க?"

"நீ சொன்னதத்தான எழுதியிருக்கேன்."

"நான் வாயத் தொறந்து எதாவது சொன்னேனா? தண்ணிய மாத்துங்கன்னேன், அவ்வளவுதான்."

"ஆமா. நானும் மாத்தினேன். அதான் என் பேரையும் எழுதியிருக்கேன்."

"செத்துப்போன ஆளுக்காக உயிரோட இருக்கிற சொந்தத்தை இப்படி அசிங்கப்படுத்துவீங்களா? சாவிய அக்காகிட்ட குடுத்திடுங்க. நான் வேற ஏற்பாடு பண்ணிக்கறேன்."

உயிரோடு இருந்தபோதும் உனக்காக ஒன்றும் செய்யவில்லை, செத்த பிறகும் செய்யக்கூடாது என்றால் உனக்கு எப்போதுதான் செய்வது? இதை அவனிடம் கேட்க வாய் எடுத்தேன். அதற்குள் வைத்துவிட்டான். வழக்கம்போல நல்ல வசனம் எனக்குத் தாமதமாகத்தான் வரும். இந்தத் தடவை இரண்டு வருஷம் தாமதம். நியாயமாகச் சொன்னால் நான் அவன் மேல் கோபப்பட்டுக்கொண்டே இருப்பது எனக்குச் சுலபமாக இருக்கிறது. அவன் ஃபோனில் ஒரு வார்த்தை சொன்னான். வாசலில் நின்று உன்னிடம் வால்வைத் திருப்பச் சொன்னது அவனா? உனக்கு வந்திருக்க வேண்டிய கோபமெல்லாம் இப்போது என்னிடம்தான் இருக்கிறது, பாதி அவனுக்கு, பாதி எனக்கு.

வீட்டுக்கு வந்து சாவியைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தேன். என் மனைவி குழுவில் எல்லாவற்றையும் படித்திருந்தாள். தம்பியைப் பற்றி எழுதிவிட்டேனே, ருத்ர தாண்டவம் இருக்கிறது என்று தயாராக உட்கார்ந்தேன். அவள் சாவியைத் தொடவில்லை. தோசைக்கல்லை இறக்கி வைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"அவரு கண்ணு அப்புறம் சரியாச்சா?"

நான் சாவியை ஓரமாக நகர்த்தினேன். குளத்திலிருந்து ஏறியதும் "ஒண்ணும் இல்ல அண்ணாத்த" என்று நீ சொன்னதோடு சரி. மருத்துவமனைக்குப் போனாயா, மருந்து போட்டாயா, ஒன்றும் தெரியாது. கொஞ்ச நாள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாய், "என்ன, ஹீரோ ஆயிட்டியா?" என்று கேட்டேன், நீயும் சிரித்தாய். அவள் கேட்ட பிறகுதான் இன்னொன்றும் என் கண்முன் வருகிறது. அதற்கப்புறம் நீ சோதனைக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போதெல்லாம் தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, வலது கண்ணுக்கு நேராகவே பிடித்தாய். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

"தெரியல" என்றேன் அவளிடம்.

"கேக்கலையா?"

"கேக்கல."

தண்ணீர் என்ன ஆனது என்று நீ பார்த்தாய். மோட்டார் என்ன ஆகும், கல் என்ன ஆனது, குழு என்ன நினைக்கும் என்று மற்ற எல்லோரும் பார்த்தோம். உன் வீட்டுக்குப் போய் உன் மனைவியிடம் இப்போது கேட்கலாம். எந்த முகத்தோடு கேட்பது? ஆனாலும் போகத்தான் போகிறேன், இந்த ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முன்னால் உன்னிடமே ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதினேன்.

கண் சரியாயிற்றா? உங்களுக்கு?